சார்ஜருக்குத் துண்டு போட்டவர்

மின்சாரக் காரை ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் விடிந்ததும் கதவைத் திறந்து உட்கார்ந்தால், திரையில் பதினொன்று என்று காட்டியது. நூற்றுக்குப் பதினொன்று. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சையில் இந்த மதிப்பெண்ணை நான் வாங்கியிருக்கிறேன். அப்போதும் இப்படித்தான் நம்பாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன்.

குற்றவாளி யார் என்று தேட வேண்டிய வேலை இல்லை. எங்கள் வீட்டில் பதினைந்து ஆம்பியர் பிளக் ஒன்றே ஒன்றுதான். அதில் காரும் கிரைண்டரும் முறை வைத்துக்கொண்டு பிழைக்கின்றன. முந்தின நாள் சீர்ச் சாமான் வாங்கத் திருச்சி வரை போய்வந்ததில் காலியான காரைச் சார்ஜில் போட்டிருந்தேன். சாயங்காலம் மாவாட்டுவதும் என் பொறுப்பு. காரின் பிளக்கைப் பிடுங்கினேன், கிரைண்டரைப் போட்டேன், உளுந்தை நுரைக்க நுரைக்க ஆட்டினேன், வழித்து டப்பாவில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். "இப்படி ஒரு மாவு உங்க வூட்டுல யாராவது ஆட்டியிருக்காங்களா" என்று மனைவியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். பிடுங்கிய பிளக்கைத் திரும்பச் சொருகவில்லை. மாவு பொங்கியிருந்தது, கார் படுத்திருந்தது.

மற்ற ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் இட்லியைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். அன்று என் தங்கையின் இரண்டாவது மகளுக்குக் காது குத்து. நான் தாய்மாமன். குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டியவன். குடும்பத்தில் எனக்கு என்று இருக்கிற முக்கியத்துவமே என் மடிதான், மற்ற பாகங்களை யாரும் கேட்பதில்லை.

அந்த மடிக்கும் ஏற்கெனவே ஒரு கறை உண்டு. நான்கு வருஷத்துக்கு முன்னால் மூத்தவளுக்குக் காது குத்தியபோது நான் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போனேன். அரியலூர் தாண்டியதும் ஒரு சிமெண்ட் லாரி பள்ளத்தில் இறங்கிக் கிடந்தது. இரண்டு கிரேன்கள் அதைத் தூக்கிக்கொண்டிருந்தன. இரண்டு கிரேன் ஒரு லாரியைத் தூக்கும்போது எந்த கிரேன் முதலில் இழுக்கும், யார் யாருக்குக் கைகாட்டுவார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வண்டியை ஓரங்கட்டி நின்றேன். லாரி ஏறியது. நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தை இரண்டு காதிலும் ரத்தப் பொட்டோடு, பக்கத்து வீட்டு இன்சூரன்ஸ் ஏஜெண்டின் மடியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து அந்த மனிதர் என் தங்கையைத் "தங்கச்சி" என்று கூப்பிடுகிறார். என் தங்கை என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை. போன் வந்தால் என் மனைவிக்குத்தான் வரும்.

இந்தத் தடவையும் அப்படித்தான் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு நானும் கேட்டேன்.

"அண்ணி, பதினொன்றரை வரைக்கும் பார்ப்பேன். காது குத்துற பத்தருக்கு வேற எடத்துல வேலை இருக்காம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட இல்லை. ஏஜெண்ட் அண்ணன் பட்டு வேட்டி எடுத்து வச்சிட்டாரு. உங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லிடுங்க."

உங்க வூட்டுக்காரர். கூடப் பிறந்தவனுக்கு இப்படி ஒரு பதவி.

ஆக, காரில் பதினொன்று. தங்கை ஊர் கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம், முந்திரித் தோப்புக்கு நடுவில். எங்கள் அரும்பாவூரிலிருந்து பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல். பதினொன்றை வைத்துக்கொண்டு பெரம்பலூருக்கே போக முடியாது.

"பஸ்ஸுல போயிரலாமா?" என்றாள் மனைவி. பட்டுப்புடவை கட்டி, தலையில் கனகாம்பரத்தோடு நின்றாள்.

பின் சீட்டைப் பார்த்தேன். பதினொரு சீர்த்தட்டுகள். பழம், வெல்லம், பாவாடை சட்டை, பித்தளைக் குடம், கொலுசு, ஒரு பலாப்பழம் வேறு. அத்தனையையும் தூக்கிக்கொண்டு மூன்று பஸ் மாறினால் தாய்மாமன் என்று சொல்ல மாட்டார்கள், சந்தைக்கு வந்தவன் என்பார்கள். முகூர்த்த நாள், வாடகைக் கார் ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்குப் போன் போட்டேன். ஒருவர் கல்யாண வீட்டில் இருந்தார், இன்னொருவர் அவர் கல்யாணத்திலேயே இருந்தார்.

"ஒண்ணும் கவலைப்படாத. மெஸ்ல சார்ஜர் இருக்குல்ல. ஒரு மணி நேரத்துல அறுபது ஏறிடும். ஒம்போதுக்குள்ள ரோட்டுல இருப்போம்" என்றேன்.

எங்கள் ஊர் பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது. லீவு நாளில் மலையைப் பார்க்க வருகிறவர்களை நம்பி, ஊர் எல்லையில் ஒரு சாப்பாட்டு மெஸ்ஸின் வாசலில் ஒரு கம்பெனி சார்ஜரை நிறுவியிருந்தது. பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி, மேலே தகரக் கூரை, பக்கவாட்டில் பெட்ரோல் பங்கில் இருப்பது போல ஒரு கன். பெட்ரோல் கன் சொம்பு கனம் என்றால் இது நிறைகுடம் கனம். நிறுவிய அன்று ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. நானும் வியாழக்கிழமை ஜெராக்ஸ் கடையைச் சாத்திவிட்டு, காரில் எண்பது இருக்கும்போதே போய்க் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தேன், அது எப்படித்தான் வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள. தேவை இல்லாதபோது போய் நின்றவனுக்குத் தேவை வந்தபோது என்ன ஆனது என்பதுதான் கதை.

ஏழு மணிக்கு மெஸ் வாசலில் காரை நிறுத்தினேன். கைப்பேசியில் சார்ஜர் கம்பெனியின் செயலியைத் திறந்தேன். பச்சைப் புள்ளி. அவைலபிள் என்று எழுதியிருந்தது. எதிரே எந்த வண்டியும் இல்லை. உற்சாகமாக இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கன்னைத் தூக்கப் போனவன் அப்படியே நின்றேன்.

கன்னின் மேல் ஒரு துண்டு கிடந்தது.

வெள்ளைத் துண்டு, பச்சைக் கரை. கைப்பிடியில் இரண்டு பக்கமும் சரிசமமாகத் தொங்கும்படி யாரோ அழகாகப் போட்டிருந்தார்கள்.

வெளியூர்க்காரர்கள் இதைப் படித்தால், துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சார்ஜ் போட வேண்டியதுதானே என்று கேட்பார்கள். கேட்கலாம். ஆனால் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வளர்ந்தவனிடம் அப்படிக் கேட்கக் கூடாது. திருச்சி பஸ் உள்ளே திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடித்தவர்கள் நாங்கள். துண்டு விழுந்த சீட்டில் கலெக்டரே வந்தாலும் உட்கார மாட்டார். பஸ்ஸில் மிதிப்போம், இடிப்போம், ஜன்னல் கம்பிக்காகச் சண்டை போடுவோம், அடுத்தவன் துண்டைத் தொட மாட்டோம். நான் கல்லூரி போன காலத்தில் மூன்றாவது ஜன்னலில் வீசி ஐந்தாவது சீட்டில் விழ வைப்பேன். எனக்கு அதில் மட்டும்தான் நூற்றுக்கு நூறு.

ஆக எனக்குத் தெளிவாக இருந்தது. செயலி காலி என்கிறது. துண்டு ஆள் வருது என்கிறது. இரண்டில் எதை நம்புவது என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் வராது.

மெஸ் நடத்தும் அக்கா வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர், இடுப்பில் ஒரு கொத்துச் சாவி.

"அக்கா, சார்ஜருக்கு யாரோ துண்டு போட்டுருக்காங்களே. உள்ள சாப்புடுறாங்களா?"

"உள்ள யாரும் இல்லைங்க. ஆனா வருவாருங்க. எங்க டீ மாஸ்டருகிட்ட சொல்லிட்டுப் போயிருக்காரு. 'யாரும் எடுக்காம பார்த்துக்க'ன்னு."

"எங்க போயிருக்காரு?"

"அது தெரியலீங்க. மாஸ்டருக்குத்தான் தெரியும். அவரு இன்னிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாரு."

"பார்க்க எப்படி இருப்பாராம்?"

"நான் பார்க்கலைங்க. மாஸ்டர் சொன்னதுதான். தலையெல்லாம் நரைச்ச பெரியவராம். வாய் ஓயாதாம். ஒரு டீயைக் கையில வச்சுக்கிட்டு, இந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு, ஒயரு எவ்வளவு மொத்தம், மழை பேஞ்சா ஷாக் அடிக்குமான்னு கேட்டே மாஸ்டரைக் கொன்னுட்டாராம்."

நான் காருக்குத் திரும்பி வந்து மனைவியிடம் விவரத்தைச் சொன்னேன். "யாரோ கிழவர் போட்டுட்டுப் போயிருக்காரு. இந்த வயசுல அவருக்கு எதுக்கு எலக்ட்ரிக் காரு. பேரப்புள்ளையைப் பார்த்தமா, மாத்திரையைப் போட்டமான்னு இல்லாம."

மனைவி சீர்த்தட்டுகள் சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மணியைப் பார்த்தாள். ஏழு பத்து.

பத்து நிமிஷம் பொறுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். துண்டு போட்டவர் எங்கே போயிருப்பார் என்பதில் எனக்கு ஒரு ஆர்வம் பிறந்துவிட்டது. டீக்குடிக்க நின்ற ஒருவரிடம் கேட்டேன். தோளில் வெங்காயச் சாக்கின் தூசி படிந்த விவசாயி.

"துண்டா? நேத்துகூட கெடந்துச்சே. ஃபாரஸ்ட்டுக்காரங்க யாராவது இருக்கும். மேல போயிருப்பாங்க" என்றார்.

"நேத்தேவா?"

"முந்தாநாளோ நேத்தோ. அதைத் தொடாதீங்க சார். பெரிய எடத்து ஆளு போல தெரியுது. இல்லைன்னா இவ்வளவு தைரியமாப் போட்டுட்டுப் போவாங்களா?"

இப்படியாகத் துண்டுக்காரர் என் கண் முன்னால் வளர ஆரம்பித்தார். முதலில் வாய் ஓயாத கிழவர். பிறகு வனத்துறை அதிகாரி. ஏழரைக்கு அவருக்கு மீசை வந்துவிட்டது. ஏழே முக்காலுக்கு அவருக்கு மேலிடத்தில் ஆள் இருந்தது. நான் துண்டை எடுக்க, அவர் மலையிலிருந்து இறங்கி வந்து "எவன்டா எடுத்தது" என்று கேட்க, பட்டு வேட்டியோடு நான் கைகட்டி நிற்பது வரை கற்பனை செய்து முடித்துவிட்டேன்.

மனைவி கண்ணாடியை இறக்கினாள்.

"ஏங்க, அந்தத் துண்டைத்தான் எடுங்களேன். வந்தா நான் பேசிக்கிறேன்."

"உனக்குத் தெரியாது. உங்க ஊர்ல பஸ்ஸுல ஏறுனாலே எல்லாருக்கும் எடம் கெடைக்கும். துண்டோட மரியாதை உனக்கு எப்படித் தெரியும்?"

"பத்தரோட மரியாதை எனக்குத் தெரியும். பதினொன்றரைக்குக் கெளம்பிடுவாரு."

அந்த நேரத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றது. சத்தமே இல்லாமல் வந்ததால் அதுவும் நம் ஜாதிதான் என்று தெரிந்தது. ஜீன்ஸ் போட்ட ஒரு பெண் தனியாக இறங்கினாள். சென்னையிலிருந்து மலைக்குப் போகிறாளாம். சார்ஜரைப் பார்த்தாள், கைப்பேசியைப் பார்த்தாள், நேரே போய்த் துண்டின் மேல் கை வைத்தாள்.

"எம்மா, எம்மா, தொடாதம்மா" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அக்காவும் வாளியை வைத்துவிட்டு ஓடி வந்தார். வெங்காயக்காரர் டீ டம்ளரோடு எழுந்து நின்றார். ஒரு துண்டுக்கு மூன்று பேர் காவல்.

"ஏன் சார்?"

"ஆள் போட்டுருக்காங்கம்மா. எடம் புடிச்சுருக்காங்க."

"உங்க துண்டா?"

"இல்லைம்மா."

"உங்க துண்டாக்கா?"

"அய்யய்யோ, என்னோடது இல்லைம்மா."

"அப்ப யாரோடது?"

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "வருவாரு" என்றேன்.

"நீங்க எவ்வளவு நேரமா வெயிட் பண்றீங்க சார்?"

"ஏழு மணிலேர்ந்து."

"உங்க கார்ல எவ்வளவு இருக்கு?"

"பதினொண்ணு."

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பைத்தியம் பிடித்தவர்களை நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் மரியாதையோடு பார்ப்பார்களே, அப்படி. பிறகு கைப்பேசியில் எதையோ தடவிக்கொண்டே வந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"சார், இங்க பாருங்க. இந்த சார்ஜரைப் பத்தி ஆப்ல கமெண்ட்ஸ் போட்டுருக்காங்க. வெள்ளிக்கிழமை ஒருத்தர்: 'துண்டு கிடந்தது, பெரம்பலூர் சென்று சார்ஜ் செய்தேன்.' நேத்து ஒருத்தர்: 'அதே துண்டு, ஒரு மணி நேரம் காத்திருந்தும் ஆள் வரவில்லை.' இன்னொருத்தர் போட்டோவே போட்டுருக்கார்."

போட்டோவைப் பெரிதாக்கிக் காட்டினாள். வெள்ளைத் துண்டு, பச்சைக் கரை. செயலியின்படி மூன்று நாளாக யாரும் அந்தச் சார்ஜரைத் தொடவில்லை. கடைசியாகச் சார்ஜ் போட்டது வியாழக்கிழமை மாலை என்று காட்டியது.

"அக்கா, மூணு நாளாவா கெடக்குது?" என்றேன்.

"ஆமாங்க. வெள்ளிக்கிழமை மழையில நனைஞ்சுபோச்சு. நான்தான் சோப்புப் போட்டுத் தொவைச்சுக் காயவச்சு, மறுபடியும் எடுத்துப் போட்டேன். பாவம், பெரியவர் வந்தா அழுக்குத் துண்டு ஆயிடக்கூடாதுல்ல."

வியாழக்கிழமை மாலை என்பது என் மூளையில் எங்கேயோ ஒரு கதவைத் தட்டியது. நான் திறக்கவில்லை. திறந்தால் என்ன இருக்கும் என்று ஒரு பயம். அதற்குள் காரின் கதவு திறந்தது. ஒரு மணி நேரமாகத் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மனைவி இறங்கி, கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு நேரே வந்து, துண்டின் ஒரு மூலையை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தாள். அங்கே சிவப்பு நூலில் ஒரு சின்னப் பெருக்கல் குறி தைத்திருந்தது.

"இது நம்ம துண்டுங்க" என்றாள். "போன வருஷம் டூர் போனப்ப எல்லாருதும் கலந்துபோவுதுன்னு நான்தான் தைச்சேன்."

 கூரைத் தகரத்தில் ஒரு காக்கை நடக்கும் சத்தம் கேட்டது.

எல்லாம் ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை நான்தான் கன்னுக்குத் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு உள்ளே போய் டீ குடித்தேன். மாஸ்டரிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னதும் நான்தான். சார்ஜ் போடும்போது துண்டை எடுத்து அந்தப் பெட்டியின் மேல் வைத்தேன். முடிந்ததும் கன்னை மாட்டினேன், காரை எடுத்தேன், வீட்டுக்கு வந்துவிட்டேன். என் பின்னால் அந்த உத்தமர் மாஸ்டர், பெரியவர் சொல்லிவிட்டுப் போனாரே என்று துண்டை எடுத்துத் திரும்பக் கன்னில் போட்டிருக்கிறார். அன்றைக்கு என் தலை நரைத்துத்தான் இருந்தது. காது குத்துக்காக வெள்ளிக்கிழமைதான் டை அடித்தேன்.

மூன்று நாள் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பிவிட்டு, நான்காவது நாள் என்னையே வாசலில் நிறுத்திவைத்திருக்கிறேன். அதுவும் மேலிடத்து ஆள் என்று பயந்து.

அக்கா முதலில் சிரித்தார். அப்புறம் வெங்காயக்காரர். அந்தப் பெண் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"மணி எட்டு அஞ்சு" என்றாள். "சிரிக்கிறதெல்லாம் அங்க போயிச் சிரிச்சுக்கலாம். மொதல்ல போடுங்க."

"நீங்க போடுங்க சார், எங்கிட்ட நாப்பது இருக்கு, மலைக்குப் போயிட்டு வந்து போட்டுக்கிறேன்" என்றாள் அந்தப் பெண். போகும்போது துண்டை என் தோளில் எடுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

கன்னைச் சொருகினேன். உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. பன்னிரண்டு. பதின்மூன்று. சார்ஜ் ஏறும்போது எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் அது ஏறாது. பால் பொங்குவது போலத்தான்: பார்க்காவிட்டால் பொங்கும் பால், பார்த்தால் நின்றுவிடும் கரண்ட். மனைவி என்னைத் தள்ளிக்கொண்டு போய் மெஸ்ஸுக்குள் உட்கார வைத்தாள். அக்கா இரண்டு தோசை கொண்டுவந்து வைத்துவிட்டு, "பெரியவருக்கு" என்றார்.

ஒன்பது மணிக்கு அறுபத்து நான்கு. அதற்கு மேல் நிற்க நேரம் இல்லை. கணக்குப் போட்டேன். ஏசி போடாமல், நாற்பத்தைந்தைத் தாண்டாமல் ஓட்டினால் போய்ச் சேரும். வேகமாகப் போனால் நேரத்துக்குப் போகலாம், ஆனால் ஜெயங்கொண்டத்தில் நின்றுவிடும். மெதுவாகப் போனால் நிற்காமல் போகலாம், ஆனால் நேரம் தாண்டிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்க வேண்டும். அது எது என்று தேடிக்கொண்டே நூறு கிலோமீட்டர் ஓட்டினேன். வாழ்க்கையில் நான் இவ்வளவு கவனமாகச் செய்த காரியம் வேறு இல்லை.

பெரம்பலூரைத் தாண்டியதும் எங்களை ஒரு டவுன் பஸ் முந்தியது. பிறகு பின்னால் இரண்டு வெங்காய மூட்டை கட்டிய ஒரு மொபெட் முந்தியது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்து, வண்டியில் கோளாறா என்று கையாலேயே கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் நம்பவில்லை. கொஞ்ச தூரம் எங்களுக்குத் துணையாக மெதுவாகவே வந்துவிட்டு அப்புறம்தான் போனார். உள்ளே வெக்கை. மனைவியின் கனகாம்பரம் வதங்கியது. பலாப்பழம் வாசம் வீசத் தொடங்கியது. அரியலூரில் முப்பது. சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே போனால் காற்று எதிர்க்காது, கரண்ட் மிச்சம் ஆகும் என்று எங்கோ கேட்டிருந்தேன். உண்மையா என்று பார்க்க ஒரு லாரியின் பின்னால் பத்து கிலோமீட்டர் போனேன். கரண்ட் மிச்சம் ஆனதா தெரியவில்லை. கார் முழுக்க வெள்ளைத் தூசி படிந்தது.

ஜெயங்கொண்டத்தில் பதினொன்றரை. காரில் பத்து.

"போன் பண்ணி என்ன சொல்றது?" என்றாள் மனைவி.

"கரண்ட் இல்லைன்னு சொல்லு. நம்ம ஊர்ல அதை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"நான் சொல்ல மாட்டேன். உங்க தங்கச்சி, நீங்களே சொல்லுங்க."

போனை என் காதில் வைத்தாள். நான்கு வருஷத்துக்குப் பிறகு தங்கையின் குரலை நேராகக் கேட்டேன். "சொல்லுங்க அண்ணி" என்றது.

"நான்தான்" என்றேன். வாயில் கரண்ட் என்ற வார்த்தை வந்து நின்றது. அதைச் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். என்னவோ, வரவில்லை. "நான் துண்டு போட்டு வச்சதை நானே மறந்துட்டேன் பாப்பா. அதனால லேட்டு. ஜெயங்கொண்டத்துல இருக்கோம்."

அந்தப் பக்கம் நாதஸ்வர ரிக்கார்டு மட்டும் கேட்டது. பிறகு போன் கட் ஆகிவிட்டது.

கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் என்னால் எதையும் வேடிக்கை பார்க்க முடியவில்லை. தோப்புக்குள் செம்மண் பாதையில் இறங்கும்போது மணி பதினொன்று ஐம்பது. திரையில் நான்கு. கோவில் முன்னால் பந்தல். ஜமக்காளத்தில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் பட்டு வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை. எதிரே பத்தர் ஊசியோடு. சுற்றிலும் கூட்டம். முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். காரை நிறுத்திவிட்டு, தட்டு எதையும் எடுக்காமல், தோளில் துண்டோடு அப்படியே நின்றேன்.

பத்தர் என்னைப் பார்த்து எரிச்சலோடு சொன்னார். "நீங்கதான் மாமனா? நல்லா வந்தீங்க சார். இருபது நிமிஷமா ஊசியைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துருக்கேன். கற்பூரம் இல்லைங்கிறாங்க. கற்பூரம் வந்தா வெத்தலை இல்லைங்கிறாங்க. வெத்தலை வந்தா கிழிஞ்ச வெத்தலைங்கிறாங்க. இப்ப மஞ்சத்தண்ணி கொண்டார ஆளு போயிருக்கு."

தங்கை என்னைப் பார்க்கவில்லை. குழந்தையின் பாவாடையைச் சரிசெய்துகொண்டே, ஏஜெண்டிடம், "அண்ணே, செத்த எந்திரிங்க" என்றாள்.

ஏஜெண்ட் நல்ல மனிதர். "அப்பாடா, கால் மரத்துப்போச்சு தங்கச்சி" என்று சொல்லி, ஜமக்காளத்தைத் தட்டிவிட்டு எனக்கு இடம் கொடுத்தார்.

உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். ஒரு வயதுதான். நான் யார் என்று நிமிர்ந்து பார்த்தது. டை அடித்த மீசையில் சிமெண்ட் தூசி படிந்த ஒரு ஆள். பிடிக்கவில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. பத்தர் முதல் காதில் குத்தியதும் வாயைத் திறந்து அலறியது. இரண்டாவது காதுக்கு என் வேட்டியை நனைத்தது. எனக்கு அந்த நிமிஷத்தில் வேறு எதுவும் தேவைப்படவில்லை.

சாப்பாடு முடிந்து தங்கை வீட்டுக்குப் போய்ச் சேரும்போது காரில் இரண்டு. மாப்பிள்ளை ஒரு நீள ஒயரை ஜன்னல் வழியாக இழுத்துக் கொடுத்தார். மோட்டார் கொட்டகையில் போடலாமா என்று கேட்டேன். "வேணாம் மச்சான், அது வெள்ளாமைக்குக் குடுக்குற ஃப்ரீ கரண்ட். அதுல காரைப் போட்டா கேஸ் ஆயிடும், அப்புறம் காது குத்துன கையோட என்னைப் புடிச்சுட்டுப் போயிடுவாங்க" என்றார். வீட்டு பிளக்கிலேயே சொருகினோம். நான் போய் அது சொருகியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். என் மனைவி போய் மூன்றாவது தடவை பார்த்தாள்.

தங்கை முறத்தில் அரிசியோடு வாசலுக்கு வந்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அவளுக்கும் என்னைப் போலத்தான், புதுசாக எதையாவது பார்த்தால் நின்றுவிடுவாள். சின்ன வயதில் ரோடு ரோலருக்குப் பின்னாலேயே இரண்டு பேரும் பக்கத்து ஊர் வரை நடந்து போயிருக்கிறோம்.

"எவ்வளவு நேரம் ஆவும்?" என்றாள், காரிடம் கேட்பது போல.

"இந்த பிளக்குல மெதுவாத்தான் ஏறும். ஃபுல்லா ஏறணும்னா நாளைக்குக் காலையில ஆயிடும்."

"இங்கேருந்து எங்கேயும் போவ முடியாதா?"

"முடியாது. ஜெயங்கொண்டம்கூடப் போவாது."

அவள் முறத்தைப் பார்த்தாள். உள்ளே போய் இன்னும் இரண்டு கை அரிசி அள்ளிப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அண்ணி, மாத்துப் புடவை கொண்டாந்தீங்களா?"

"இல்லையே" என்றாள் என் மனைவி.

"பீரோவுல இருக்கு, புடிச்சதை எடுத்துக் கட்டிக்குங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "உனக்கு அவரு கைலி ஒண்ணு எடுத்து வைக்கிறேன். ஈர வேட்டியோடயே சுத்தாத அண்ணே."